அண்ணன் தள்ளிய கடைசி ஷாட்

எங்கள் அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. லிஃப்ட் கதவு மூடப்போனால் நடுவில் கையை விடுவான். ஒரு பெட்டியைத் தூக்கலாமா வேண்டாமா என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் அவன் அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறியிருப்பான். அடுப்பில் எது கொதித்தாலும், அண்ணி உப்பு போட மறந்திருப்பாளோ என்று இவனே ஒரு கை போடுவான். அவள் முன்பே போட்டிருப்பாள். அன்றைக்கு வீடே தண்ணீர் பாட்டிலைத் தேடும். அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள்.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை மேடையேறிச் செய்யுள் ஒப்பித்தேன். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினேன். வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வரியை எடுத்தால் எல்லோரும் அசந்துபோவார்கள் என்று கண்ணாடி முன் நின்று பழகி வைத்திருந்தேன். அசந்துதான் போனார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அடுத்த வரி வந்தது, அண்ணன் குரலில், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி. அரங்கமே சிரித்தது. "மறந்துட்டியோன்னு பதறிட்டேன் பாப்பா" என்றான். அன்றைக்கெல்லாம் அவனோடு பேசவில்லை. சாயங்காலம் பார்த்தால் என் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன்மேல் கோபத்தை ஒரு நாள் தாண்டி வைத்துக்கொள்ள முடியாது. அது என் தலையெழுத்து.

பிற்காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் முதலில் போனான், பீம் பிரிவில். நான் படித்து முடித்துவிட்டு இயற்பியல் பிரிவுக்குப் போனேன். "அப்ளிகேஷன் ஃபாரம் நான்தான் வாங்கிட்டு வந்து குடுத்தேன்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிவான். நாற்பது தாண்டிய என்னை, கன்ட்ரோல் ரூம் மைக்கில், அத்தனை பேர் காதிலும் விழும்படி "பாப்பா" என்றுதான் கூப்பிடுவான். எத்தனை தடவை பல்லைக் கடித்திருப்பேன்!

எங்கள் மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டோக்கமாக் என்று பெயர். காற்றடித்த லாரி டியூபைப் படுக்கப் போட்டது மாதிரி ஒரு பெரிய உலோக வளையம். சூரியனின் நடுவில் இருப்பதைவிடச் சூடான வாயு உள்ளே ஓடும், அதுதான் பிளாஸ்மா. எந்தச் சுவரும் அதைத் தாங்காது என்பதால் காந்தத்தால் அந்தரத்தில் பிடித்து வைக்கிறோம். அது லேசில் அடங்குகிற சாமான் இல்லை. எங்கேயாவது ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். புடைக்கும்போது எதிரே இருக்கும் உலோகச் சுவரில் மின்சாரம் கிளம்பி, அந்தப் புடைப்பைத் திருப்பித் தள்ளும். ஆனால் சுவர் கொஞ்ச நேரத்தில் களைத்துவிடும். பிளாஸ்மா வேகமாகச் சுழன்றுகொண்டே இருந்தால் கவலையில்லை. சுவர் களைப்பதற்குள் புடைப்பு அடுத்த இடத்துக்குப் போய்விடும், அங்கே களைக்காத சுவர் காத்திருக்கும். சுழற்சி குறைந்தால்தான் வம்பு. புடைப்பு ஒரே இடத்தில் நின்று, வளர்ந்து, கண் மூடித் திறப்பதற்குள் பிளாஸ்மா மொத்தமும் சுவரில் மோதி அணைந்துபோகும். மெஷின் அதிர்கிற அதிர்ச்சியில் மாடியில் இருக்கும் எங்கள் நாற்காலியே குதிக்கும். உள்ளே எது விரிசல் விட்டது, எது உருகியது என்று பார்த்துச் சரிசெய்ய மாதக்கணக்காகும்.

அந்தச் சுழற்சியைக் கொடுப்பது பீம். வேகமான அணுக்களைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் பிளாஸ்மாவைத் தள்ளிக்கொண்டே இருப்பது. ஆமாம், தள்ளுவதற்கென்றே பிறந்த எங்கள் அண்ணனுக்குக் கிடைத்த வேலை தள்ளுகிற வேலை!

எங்கள் கன்ட்ரோல் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. பிளாஸ்மாவுக்குள் எப்போதும் ஒரு சின்ன முடிச்சு அதனோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். சுவரோரம் இருக்கும் கம்பிச்சுருளை அது கடக்கும்போதெல்லாம் ஒரு சிக்னல் வரும். யாரோ ஒரு புண்ணியவான் அந்த சிக்னலை ஒரு பழைய ஸ்பீக்கரில் இணைத்துவிட்டார். வேகமாகச் சுற்றினால் உச்சஸ்தாயி. மெதுவானால் சுதி இறங்கும். நின்றுவிட்டால் சத்தமே வராது. புதிதாக வருகிறவர்கள் சத்தம் நின்றதும் "அப்பாடா, அடங்கிடுச்சு" என்பார்கள். நாங்களோ அந்த அமைதியில்தான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம். அதற்குப் பிறகு இடிதான்.

அதனால் அண்ணனின் மேஜையில் ஒரு கை ஸ்விட்ச் வைத்திருந்தோம். அவசரத்துக்கான உபரி பீம் அது. சுதி ரொம்ப இறங்கினால் அவன் யாரையும் கேட்க வேண்டாம், அழுத்தலாம். எத்தனையோ தடவை அழுத்தி மெஷினைக் காப்பாற்றியிருக்கிறான். திரையைப் பார்த்து நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் அவன் காது கண்டுபிடித்துவிடும்.

இனி என் கதை. இன்னொரு இடத்தில் பெரிய மெஷின் ஒன்று கட்டப்போகிறார்கள். எங்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது. அவ்வளவு பெரிய பிளாஸ்மாவை இந்த பீம்களால் வேகமாகச் சுழற்ற முடியாது. மெதுவாகத்தான் சுற்றும். அப்போது என்ன செய்வது? மெதுவாகச் சுற்றினாலும் அணையாமல் பிடித்து வைக்கலாம் என்று நான் சொன்னேன். பெரிய காந்தங்களை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மயிரிழை கோணல் இருக்கும். சைக்கிள் சக்கரத்தில் பிரேக் கட்டை ஓரிடத்தில் உரசுவது மாதிரி, அந்தக் கோணல் பிளாஸ்மாவைப் பிடித்து இழுக்கிறது. உரசலை எடுத்துவிட்டால் மெதுவான சுழற்சியே போதும். அந்த உரசலை எடுக்கத்தான் என் திருத்தச் சுருள்கள். படிப்பு முடித்த நாளிலிருந்து நான் செய்த வேலை அது ஒன்றுதான். கல்யாணம்கூடச் செய்யவில்லை. அதற்குக் காரணம் என் வாய் என்பாள் அண்ணி, அது வேறு விஷயம்.

எதிர்க் கட்சியும் இருந்தது. பீம் திட்டக்காரர், எப்போதும் மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்திருப்பார், நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். "இருக்கிற இடத்துல இன்னும் நாலு பீம் வைங்க, தள்ளினாத்தான் தாங்கும்" என்பது அவர் கட்சி. நல்ல மனிதர்தான். ஆனால் பெரிய மெஷினின் சுவருக்குள் இருந்ததோ ஒரே இடம். அதில் என் சுருள்கள் போகும், இல்லையென்றால் அவருடைய பீம் குழாய்கள் போகும். எங்கள் பழைய மெஷினையோ மூடப்போகிறார்கள், அதற்குள் நான் ஒரு ஷாட்டில் நிரூபித்துக் காட்ட வேண்டும். ஷாட் என்பது பிளாஸ்மாவை ஒருமுறை பற்றவைத்து அணைப்பது. இரண்டு தடவை பம்ப் கசிந்து என் முறை வீணாய்ப் போயிற்று. கடைசி நாளின் கடைசி ஷாட்தான் மிச்சம்.

அன்றைக்குக் காலையில் கேன்டீனில் அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணா, இன்னைக்கு மட்டும் அந்த ஸ்விட்சைத் தொடாதே. சுதி இறங்கும். நான்தான் இறக்கச் சொல்லியிருக்கேன். நீ பாட்டுக்குத் தள்ளிட்டா என் சுருள் தாங்குச்சா, உன் பீம் தாங்குச்சான்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்."

"நின்னு போச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும். உடைஞ்சா உடையட்டும். நாளைக்கு எப்படியும் மெஷினைக் கழட்டத்தானே போறாங்க?"

"உடைஞ்சா உன் பேரைத்தான் சொல்லுவாங்க பாப்பா."

"என் பேரு, நான் பார்த்துக்கறேன். சத்தியம் பண்ணு."

என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான். ஸ்விட்சின் இணைப்பையே கழற்றிவிடலாம்தான், பாதுகாப்பு விதி விடவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஸ்விட்ச் எப்போது அழுத்தப்படுகிறது என்று பதிவுசெய்கிற சேனல் ஒன்று இருந்தது. என் சுருள்களுக்குச் சேனல் போதவில்லை என்று சண்டை போட்டு அதையும் நானே பிடுங்கி வைத்திருந்தேன். தொடவே போகாத ஸ்விட்சுக்குச் சேனல் எதற்கு?

ஷாட் தொடங்கியது. ஸ்பீக்கர் உச்சத்தில் கத்தியது. திட்டப்படி பீம்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சுதி இறங்க ஆரம்பித்தது. நான் பெரிய திரைக்கு முன்னால் நின்றேன். உட்கார முடியவில்லை. அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அதுவும் நம்பிக்கையில்லாமல் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது.

சத்தம் இன்னும் இறங்கியது. வண்டு ரீங்காரம் மாதிரி இருந்தது, அடித்தொண்டை முனகலாயிற்று. வழக்கமாக அவன் அழுத்துகிற இடத்தைத் தாண்டிவிட்டது. என் சுருள்களில் மின்சாரம் ஏறுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் முழுக்க அங்கே. பிடி, பிடி, என்று உதடு முணுமுணுத்தது. காதில் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஸ்பீக்கர் வீறிட்டது. சுதி ஒரே தாவாகத் தாவி மேலே போனது. திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் கை ஸ்விட்சின்மேல் இருந்தது.

ஷாட் அழகாக ஓடி, அழகாக அணைந்தது. அறை முழுக்கக் கைத்தட்டல். டைரக்டர் ஓடிவந்து அண்ணனைக் கட்டிப்பிடித்தார். கடைசி ஷாட்டில் மெஷினைக் காப்பாற்றிய மனிதன்! யாரோ சாக்லேட் டப்பாவைத் திறந்தார்கள்.

நான் அவன் மேஜைக்குப் போனேன். "சத்தியம் பண்ணின கைதானே அது?" என்றேன். "அடப்பாவி, உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை என் பாட்டுக்கு விட்டிருக்கக் கூடாதா?" இன்னும் என்னென்னவோ கத்தினேன். கைத்தட்டல் நின்றுபோயிற்று. சாக்லேட் அவன் கையில் உருகிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் பெரிய மெஷின்காரர்கள் கூட்டம் போட்டார்கள். நான் வரைபடத்தைப் போட்டுக் காட்டினேன். சுதி இறங்கி வருகிறது, பிறகு ஒரு சின்ன சமதளம், பிறகு தாவல். அந்தச் சமதளத்தில் விரலை வைத்தேன்.

"இங்க பாருங்க. இறங்கறது நின்னுடுச்சு. என் சுருள் பிடிச்சுடுச்சு."

கண்ணாடிக்காரர் நியாயமாகத்தான் கேட்டார். "பிடிச்சது சுருளா, பீமான்னு எப்படிச் சொல்றீங்கம்மா? பீம் முழுசா ஏற ரெண்டு மூணு நொடி ஆகும். ஸ்விட்சை முதல்லயே அழுத்தியிருந்தா, பீம் ஏறும்போது இந்தச் சமதளம் வந்திருக்கலாமே? சமதளம் வந்தப்புறம்தான் அழுத்தினாங்கன்னா, உங்க பேச்சுக்கு மறுபேச்சில்லை. எது முந்தி?"

பதிவு இல்லை. சேனலைப் பிடுங்கியவள் நான். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் காதைப் பற்றி அங்கே தெரியாதவர்கள் கிடையாது. அவன் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இறங்கிட்டுதான் சார் இருந்துச்சு. அதனாலதான் அழுத்தினேன்."

அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கே சங்கடமாக இருந்திருக்கும். அந்த ஒரே இடம் பீம் குழாய்களுக்குப் போயிற்று.

அன்றைக்கு நான் அழவில்லை. எனக்குக் கோபம்கூடப் போய்விட்டது. யோசித்துப் பாருங்கள், இறங்கிக்கொண்டுதான் இருந்தது என்றால் அவன் செய்தது சரிதானே? என் சுருள் தோற்றது, அவன் என் மானத்தையும் மெஷினையும் காப்பாற்றினான், நானோ ஊர் பார்க்க அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறேன். நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்ததுமே, "வாம்மா, இவர் இல்லைன்னா மெஷினே போயிருக்குமாமே, மாடி வீட்டுக்காரங்க வரைக்கும் சொல்லிட்டேன்" என்றாள். உள்ளே போய் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்ட தருணங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "விடு பாப்பா. உன் வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு சொன்னியே, சாவி குடு" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு குழாய் மட்டுமில்லை. ஜன்னல் தாழ்ப்பாள், ஃபேன், செருப்பு அலமாரி எல்லாம் சரிசெய்தான். கெட்டுப்போகாததையும் கழற்றிச் சரிசெய்தான். பாவம், எனக்காக வருத்தப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷினைக் கழற்றுகிற வேலை மெதுவாக நடந்தது. காந்தங்கள் போயின, பம்புகள் போயின. ஒரு மத்தியானம் பீம் மேஜையை எடுக்கிற முறை வந்தது. அண்ணன்தான் கழற்றினான். வேறு யாரையும் தொடவிடவில்லை. நான் டீ எடுத்துக்கொண்டு போனேன். ஆளில்லாத கன்ட்ரோல் ரூமில் திரைகள் இருந்த இடமெல்லாம் சுவரில் வெளுத்த சதுரங்கள். ஸ்பீக்கரை மட்டும் இன்னும் யாரும் எடுக்கவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து, கழற்றிய கை ஸ்விட்சை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"பெரிய மெஷின்ல உன் இடத்துல குழாய் வெச்சு வெல்டிங் பண்ணிட்டாங்களாமே" என்றான்.

"போன மாசமே ஆச்சுண்ணா. விடு."

டீயை வாங்கினான். குடிக்கவில்லை.

"கேட்டுச்சு பாப்பா."

"என்ன கேட்டுச்சு?"

"அன்னைக்கு. இறங்கிட்டு வந்த சத்தம் ஒரு இடத்துல நிதானமாச்சு. அப்புறம் ஒரே சுதியில போச்சு, தம்பூரா மாதிரி. நல்லாக் கேட்டுச்சு. அப்புறம்தான் அழுத்தினேன்."

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"கேட்டப்புறமா?"

"கேட்டப்புறம்தான். எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியலையே. நீ அங்க நின்னுட்டு இருந்த, மூஞ்சியெல்லாம் வெளிறிப்போய், உதடு மட்டும் அசையுது. காது நம்புச்சு பாப்பா. கைதான் நம்பலை."

"கூட்டத்துல ஏன் சொல்லலை?"

"என் தங்கச்சி பிழைப்பை நானே கெடுத்தேன்னு அத்தனை பேர் முன்னால சொல்ல வாய் வரலை. மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ வந்து மன்னிப்புக் கேட்டுட்ட. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?" மூக்கை உறிஞ்சினான். "இப்போ போய்ச் சொல்லட்டுமா? டைரக்டர் ரூம்லதான் இருக்கார். எழுதிக்கூடக் குடுக்கறேன்."

வெல்டிங் முடிந்துவிட்டது. அது அவனுக்கும் தெரியும். என் சுருள் பிடித்தது. என் வாழ்நாள் வேலை அந்தச் சில நொடிகள் தாங்கிக் காட்டியிருக்கிறது, அதைக் கேட்ட ஒரே ஆள் என் அண்ணன், அவனே அதை இல்லை என்று சொல்லிவிட்டான். எவ்வளவு பெரிய சந்தோஷம் அது! எனக்குத்தான் வந்து சேரவே இல்லை.

பேசலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஊரெல்லாம் பயப்படுகிற வாய் இது.

"ஏதாவது சொல்லு பாப்பா" என்றான். நான் நின்றுகொண்டே இருந்தேன். "திட்டு. அன்னைக்குக் கத்தின மாதிரி கத்து. சத்தமில்லாம மட்டும் நிக்காத, எனக்குப் பயமா இருக்கு."

அவன் கை என் பக்கம் எழுந்தது. என் கையைப் பிடிக்கத்தான் வந்தது. பாதி வழியில் அதை அவனே பார்த்தான். பிறகு மெதுவாகக் கீழே இறக்கி, தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அன்றைக்குத்தான் அந்தக் கை எனக்கு வேண்டியிருந்தது.